நெருப்புக்கு ஓர் அறை, துப்பாக்கிக்கு ஓர் அறை, முற்றம் இருவருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சேர்த்து ஒரே பயிற்சிக் கட்டடம் கட்டினால் போதும், இடமும் செலவும் மிச்சமாகும் என்று ஒரு வாசகர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். நான் கட்டமைப்புப் பொறியாளர். இந்த மாதிரிக் கட்டடங்களை வடிவமைப்பதும், ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவற்றைச் சோதித்து அறிக்கை தருவதும் என் வேலை. அவர் சொன்னதில் பாதி சரி. இரண்டு துறையினரும் ஒரே வளாகத்தில் பயிற்சி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே அறைகளில் எடுக்கக் கூடாது. எதைப் பொதுவாக வைப்பது, எதைக் கட்டாயம் பிரிப்பது என்பதை வரைபடத்தில் முதல் கோடு போடும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பிறகு மாற்றுவது ஏறக்குறைய இடித்துக் கட்டுவதுதான்.

முதலில் நெருப்பை எடுத்துக்கொள்வோம். சாதாரண வீடோ அலுவலகமோ தன் ஆயுளில் ஒருமுறைகூட எரியாமல் இருக்கலாம். பயிற்சிக் கட்டடத்தின் எரிப்பறை அப்படி இல்லை. காலையில் எரிய வேண்டும், தண்ணீர் அடித்து அணைக்க வேண்டும், ஈரம் காயும் முன்பே அடுத்த அணிக்காக மறுபடி எரிய வேண்டும். இப்படியே வருடக்கணக்கில். கூரையை ஒட்டிய காற்றின் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸுக்குப் போகும். கான்கிரீட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். வேகமாகச் சூடேறும்போது அந்த ஈரம் நீராவியாகி வெளியேற வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் மேல்பரப்பைப் பிய்த்துக்கொண்டு வரும். சில்லுகள் தெறிக்கும், உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியும், அடுத்த தீயின் சூடு நேராக அந்தக் கம்பியில் விழும். 550 டிகிரி வாக்கில் சாதாரண எஃகின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

இந்த அறைகளைச் சோதிக்கப் போகும்போது நான் முதலில் எடுப்பது ஒரு சின்னச் சுத்தியல். கூரையைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல கான்கிரீட் கணீரென்று சத்தம் கொடுக்கும். உள்ளுக்குள் பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று கேட்கும். அப்புறம் நிறம். இரும்புச் சத்துள்ள ஜல்லி போட்ட கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினால் இளஞ்சிவப்பாக மாறும். ஆறிய பிறகும் அந்த நிறம் போகாது. ஆகவே ஒரு மூலையை லேசாகக் கொத்திப் பார்த்தால், சூடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அந்தச் சிவப்பு காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பயிற்சி மையத்தில் நான் வரப்போகிறேன் என்பதற்காகக் கூரை முழுக்கப் புதிதாகப் பூசி வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். மரியாதையாக நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பூச்சு முழுவதையும் உதிர்த்த பிறகே என்னால் வேலையைத் தொடங்க முடிந்தது. பூச்சுக்கு அடியில் மூன்று இடங்களில் கம்பி வெளியே வந்திருந்தது. அதன் கீழே பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் முழங்காலில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆகவே எரிப்பறையின் சுவரும் கூரையும் நெருப்பை நேரே பார்க்கக் கூடாது. உள்பக்கமாக, கால்சியம் சிலிக்கேட் பலகை மாதிரியான வெப்பத் தடுப்புத் தகடுகளைச் சிறு இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். அல்லது உலைகளுக்குப் பயன்படுத்தும் கால்சியம் அலுமினேட் சிமென்ட் கலவையைப் பயன்படுத்த வேண்டும். தகடுகள் சூட்டில் விரியும், தண்ணீர் பட்டதும் சட்டென்று சுருங்கும். திருகுகளை இறுக்கி அடித்தால் தகடு வெடித்துவிடும். விரிந்து சுருங்க இடம் விட்டே பொருத்த வேண்டும். தகட்டுக்குப் பின்னால் வெப்ப உணரிகளைப் பதித்து வைத்தால், கான்கிரீட்டுக்கு உண்மையில் எவ்வளவு சூடு போகிறது என்பது கட்டுப்பாட்டு அறையில் தெரியும். உள்ளே வேய்ந்த இந்தத் தடுப்பு, அதாவது உள்வேய்வு, தேய்ந்து போகக்கூடிய பொருள். கட்டும்போதே மாற்றுத் தகடுகளுக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும். திறப்பு விழாவோடு நிதி முடிந்துபோகும் கட்டடத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எரிப்பறையில் எதை எரிப்பது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. எரிவாயு அடுப்புகள் வைத்தால் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் தீ, இன்னொன்றை அழுத்தினால் நின்றுவிடும். வாயுக் கசிவு உணரி, பெரிய விசிறிகள், ஒவ்வொரு பயிற்றுநர் கைக்கும் எட்டும்படி அவசர நிறுத்தப் பொத்தான் எல்லாம் சேர்ந்தே வரும். குறை என்னவென்றால், தண்ணீர் சரியாக அடித்ததால் தீ அணைந்ததா, பயிற்றுநர் பொத்தானை அழுத்தியதால் அணைந்ததா என்பது பயிற்சி எடுப்பவருக்குத் தெரியாது. மரக்கட்டை எரித்தால் புகை கூரையில் அடுக்காகப் படிந்து மெல்லக் கீழிறங்குவதையும், கதவைத் திறந்ததும் காற்றோட்டம் மாறுவதையும் கண்ணால் பார்க்கலாம். தீயைப் படிக்கக் கற்பது என்றால் அதுதான். ஆனால் அந்தக் கரியும் புகையும் உடம்புக்குக் கேடு. தீயணைப்புப் பணியில் ஏற்படும் பாதிப்பே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. பயிற்சிக்கு வருபவர் சில நாள் இருந்துவிட்டுப் போவார். பயிற்றுநர் வருடம் முழுக்க அந்தப் புகைக்குள் நிற்கிறார். என் யோசனை, முக்கியக் கட்டடத்தில் எரிவாயு, தீயின் போக்கைக் காட்ட மட்டும் தனியாகத் திறந்தவெளியில் ஓர் இரும்புக் கொள்கலன். 1980-களில் சுவீடனில் தொடங்கிய முறை இது. பல நாடுகளில் இன்றும் இருக்கிறது. எந்த முறையாக இருந்தாலும், எரிப்பறையிலிருந்து வெளியே வருபவர் அழுக்கு உடையோடு வகுப்பறைக்கோ சாப்பிடும் இடத்துக்கோ போக முடியாதபடி வழி அமைய வேண்டும். முதலில் கழுவும் இடம், பிறகு உடை மாற்றும் இடம், அதற்குப் பிறகே மற்றது. இதை அறிவிப்புப் பலகையால் சாதிக்க முடியாது. சுவர் எழுப்பித்தான் சாதிக்க வேண்டும்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இன்றைய வீட்டுத் தீயை எரிப்பறையில் அப்படியே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை அருகருகே வைத்து எரித்துப் பார்த்தது. மரமும் பருத்தியுமாக இருந்த பழைய பாணி அறை முழுவதுமாகத் தீப்பற்ற 25 நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. நுரைப் பஞ்சு சோபாவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறை நான்கு நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொண்டது. அந்த வேகத்தைப் பயிற்சியில் காட்ட ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001-இல் நியூயார்க் மாநிலத்து லேர்ட்ஸ்வில்லில் நடந்தது சாட்சி. கைவிடப்பட்ட ஒரு வீட்டில் பயிற்சி. புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவரை, மாட்டிக்கொண்டவர் போல நடிக்க மாடியில் வைத்தார்கள். கீழ்த்தளத்தில் சோபாவின் நுரை மெத்தைக்குத் தீ வைத்தார்கள். அவர் உயிரோடு வெளியே வரவில்லை.

அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1403 என்ற எண்ணுள்ள விதித்தொகுப்பை உருவாக்கியது. நேரடித் தீப் பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 1982-இல் கொலராடோவின் போல்டர் நகரில் பயிற்சித் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்த பிறகு உருவாகி, 1986-இல் வெளிவந்தது. நெருப்பு எரியும்போது உள்ளே உயிருள்ள மனிதரைப் பாதிக்கப்பட்டவராக வைக்கக் கூடாது, பயிற்சி எடுக்கும் ஐந்து பேருக்கு ஒரு பயிற்றுநராவது இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உள்ளவை. போல்டருக்குப் பிறகும் லேர்ட்ஸ்வில் நடந்தது. 2007-இல் பால்டிமோரிலும் நடந்தது. அங்கே மூன்று மாடிக் காலி வீடு ஒன்றில் பல இடங்களில் ஒரே சமயத்தில் தீ மூட்டினார்கள். மேல்மாடியில் சிக்கிய பயிற்சிப் பெண், உயரமாக இருந்த ஜன்னல் விளிம்பைத் தாண்டி வெளியேற முடியாமல் இறந்தார். அதைப் படித்த பிறகு எந்த எரிப்பறைக்கு ஜன்னல் வரைந்தாலும், மூச்சுக்கருவியை முதுகில் சுமந்து முழங்காலில் இருப்பவர் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்ட முடியுமா என்று பார்க்காமல் அளவு குறிப்பதில்லை. இரண்டாவது வெளியேறும் வழி இல்லாத அறையில் தீ வைக்க அனுமதிக்கவே கூடாது.

சரி, காவலர் பக்கத்துக்கு வருவோம். அவர்களுக்குத் தேவையானது ஏறக்குறைய இதற்கு நேர்எதிரானது. எரிப்பறைக்கு அசையாத கனமான சுவர் வேண்டும். காவலருக்கு நகர்த்தி வைக்கக்கூடிய இலேசான சுவர் வேண்டும். முந்தைய அணி பார்த்த அமைப்பை அடுத்த அணி பார்த்துவிட்டால் அது மனப்பாடப் பரீட்சை ஆகிவிடும். எரிப்பறை காலியாக இருக்க வேண்டும். காவலரின் அறையில் கட்டிலும் அலமாரியும் துணிக் கூடையும் தொட்டிலும் இருக்க வேண்டும். கை நீட்டும் மனிதர் எடுப்பது கைப்பேசியா கத்தியா என்று அரை நொடியில் பார்க்கும் வெளிச்சமும் இருட்டும் வேண்டும். எரிப்பறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். இங்கே சமதளம் வேண்டும். எரிப்பறைப் புகை இந்தப் பக்கம் கசிந்தால் கேமராக்களும் ஒலிபெருக்கிகளும் கரி படிந்து சீக்கிரமே செத்துவிடும். இரண்டையும் ஒரே அறையில் செய்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும்.

காவலர் பகுதிக்குள்ளேயே இன்னொரு பிரிவும் உண்டு. உண்மைத் தோட்டா சுடும் கூடம் வேறு, ஆளுக்கு ஆள் நடித்துப் பயிற்சி செய்யும் வீடு வேறு. சுடும் கூடத்துக்குக் குண்டைத் தாங்கி நிறுத்தும் சுவரும், ஈயத் தூசியை வெளியேற்றும் காற்றோட்டமும் கட்டாயம். நடிப்புப் பயிற்சி வீட்டில் சாயக் குண்டுதான், உண்மைத் தோட்டா ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. 2016-இல் ஃபுளோரிடாவின் பன்டா கோர்டாவில் பொதுமக்களுக்கான ஒரு செயல்விளக்கம் நடந்தது. காவலர் தன் துப்பாக்கியில் இருப்பது வெற்றுத் தோட்டா என்று நினைத்துச் சுட்டார். அதில் இருந்தது உண்மைத் தோட்டா. பங்கேற்க வந்திருந்த 73 வயதுப் பெண்மணி இறந்தார். இப்படி ஒன்று நடக்காமல் இருக்க, கட்டடமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். பயிற்சி வீட்டுக்கு ஒரே ஒரு நுழைவாயில். அதற்கு முன்னால் பூட்டும் பெட்டகம் உள்ள சோதனை அறை. எல்லா ஆயுதமும் அங்கே இறங்கும், ஒருவரை இன்னொருவர் தடவிச் சோதிப்பார், பயிற்றுநரும் விலக்கு இல்லை. பின்பக்கம் வசதிக்காக ஒரு கதவு வைக்கச் சொல்வார்கள். வைத்தால் அவசரக்காலத்தில் உள்ளிருந்து மட்டும் திறக்கும் கதவாக வைக்க வேண்டும்.

கதவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டடங்களில் அதிகம் அடிபடுவது அதுதான். காவலரும் உடைப்பார்கள், தீயணைப்பு வீரரும் உடைப்பார்கள். ஒவ்வொரு முறையும் புதுக் கதவு மாட்ட எந்தத் துறையிடமும் பணம் கிடையாது. அதனால் பூட்டு இருக்கும் இடத்தில் ஒரு மரச் சக்கையைச் செருகும்படி இரும்புக் கதவு செய்கிறோம். கடப்பாரையை நெம்பினால் மரம் முறியும், கதவு திறக்கும், முறிந்த துண்டைத் தட்டிவிட்டு இன்னொன்றைச் செருகினால் அடுத்த அணி தயார். மரத்தின் கனத்தைக் கூட்டிக் குறைத்துக் கதவின் வலுவையும் மாற்றலாம். இடது பக்கம் திறப்பது, வலது பக்கம் திறப்பது, உள்ளே தள்ளுவது, வெளியே இழுப்பது, நான்கு வகையும் ஒரே நடைவழியில் இருக்க வேண்டும். ஒரு பயிற்சியை முடித்து அடுத்ததற்குத் தயார் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் ஒரு நாளில் எத்தனை பேர் பயிற்சி பெறுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. வடிவமைப்பாளர்கள் இதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

இவ்வளவு பிரித்த பிறகு பொதுவாக என்னதான் மிஞ்சும் என்று அந்த வாசகர் கேட்கலாம். மிஞ்சுவதுதான் மிக முக்கியமான பகுதி. 2017 மே 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். தீயணைப்புத் துறை அந்த இடத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீரர்கள் பயந்து நிற்கவில்லை. போகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே இடத்தில் கூடவில்லை, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை என்பதைப் பின்னர் நடந்த பொது விசாரணை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அந்த மூன்று துறைகளும் சேர்ந்து பணிபுரிவதற்காகவே ஒரு தேசியத் திட்டம் 2012-லேயே பிரிட்டனில் தொடங்கியிருந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. அமெரிக்காவில் 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, வெளியே வளைத்துக்கொண்டு காத்திருக்கும் பழைய முறையைக் காவலர்கள் கைவிட்டார்கள். அதற்கும் பின்னால், காவலர் பாதுகாப்போடு மருத்துவ உதவியாளர்கள் உள்ளே போகும் மீட்பு அணி முறை வந்தது. அப்படி ஓர் அணி நகர வேண்டுமென்றால், எந்தக் கதவில் யார் நிற்பது, யார் சொன்னால் நகர்வது என்பதைக் கால்கள் பழகியிருக்க வேண்டும்.

ஆகவே பொது முற்றம் வேண்டும். வாகனங்கள் வந்து நிற்கவும், இரண்டு துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் நின்று முடிவெடுக்கவும் போதிய அகலத்தில். அங்கிருந்து உள்ளே போகும் ஒரு நீள நடைவழியும், தரைத்தளம் முதல் மேல்மாடி வரை ஒரு மாடிப்படிக் கோபுரமும் பொது. இங்கே உண்மைத் தீ கிடையாது, மேடை நாடகங்களில் விடும் செயற்கைப் புகை மட்டும். காவலர் இந்தப் புகையில் தேடக் கற்கலாம், தீயணைப்பு வீரர் இதே படியில் குழாயை இழுத்துப் போகக் கற்கலாம். படியைப் பற்றி ஒரு விஷயம். கீழே ஆட்கள் இறங்கும்போதே மேலே வீரர்கள் ஏறும் நிலைமையைப் பழகும் அளவுக்கு அகலமாக ஒரு பக்கமும், ஒருவர் மட்டுமே போகக்கூடிய குறுகலாக இன்னொரு பக்கமும் வேண்டும். 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பற்றி 72 பேர் இறந்தார்கள். 24 மாடிகளுக்கும் இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. குடியிருப்பவர்களிடம் 'உள்ளேயே இருங்கள்' என்று சொன்னதை 'வெளியே வாருங்கள்' என்று மாற்றும் நேரம் எது, மாற்றினால் அந்த ஒரே படியில் எப்படி இறக்குவது என்பதைத் தாளில் எழுதிக் கற்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தரைக்குக் கீழே இருக்கும் நிலவறைத் தளம். அது மண்ணுக்குள் தடித்த கான்கிரீட்டில் இருப்பதால் வயர்லெஸ் தானாகவே செத்துப்போகும். சில மையங்களில் பணம் செலவழித்து அங்கே சிக்னல் பெருக்கி வைத்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகப் பயிற்றுநருக்குத் தனிக் கம்பித் தொடர்பு இருக்கட்டும். பயிற்சி எடுப்பவருக்கு அந்த மௌனம் வேண்டும். மேலே இருக்கும் அதிகாரி கீழே போன அணியின் குரல் நின்றுபோனதும் என்ன செய்கிறார், ஆள் அனுப்பிச் செய்தி வாங்குகிறாரா, காத்திருக்கிறாரா, காவல் அதிகாரியிடம் சொல்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

அறைகளுக்கு மேலே பயிற்றுநர் நடந்து பார்க்கும் மேல்நடைபாதையும், கேமராப் பதிவுகளை எல்லாரும் உட்கார்ந்து பார்க்கும் அலசல் அறையும் இரண்டு துறைக்கும் பொதுவாகவே இருக்க வேண்டும். தனித்தனியாக அலசினால் ஆளாளுக்கு அடுத்த துறையைக் குறை சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

செயற்கையாக ஒரு தெருவையே கட்டுவது ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு 1987-இல் குவான்டிகோவில் பயிற்சிக்காக வங்கி, தபால் நிலையம், விடுதி எல்லாம் உள்ள ஒரு சிறு ஊரையே கட்டியது. லண்டன் காவல் துறைக்கு கிரேவ்செண்டில் அப்படி ஒன்று 2003 முதல் இருக்கிறது. குவான்டிகோவில் சில முகப்புகளுக்குப் பின்னால் உண்மையான அலுவலகங்களே இயங்குகின்றன. சிக்கனம் வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்கலாம். வகுப்பறையையும் பண்டக அறையையும் அந்தத் தெருவின் முகப்புகளுக்குப் பின்னால் வையுங்கள். எரிப்பறையையும் சுடும் கூடத்தையும் ஒன்றாக்கி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இப்படி ஒரு கட்டடத்துக்கான அறிவிப்பு எப்போது வந்தாலும், மொத்தச் செலவையும் பரப்பளவையும் மட்டும் வெளியிடாமல் சில கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். வரைபடம் போடும் முன் இரண்டு துறைப் பயிற்றுநர்களும் வடிவமைப்பாளரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்களா? எரிப்பறையின் உள்வேய்வை மாற்ற ஆண்டுதோறும் நிதி உண்டா? பயிற்சி மையத்தைச் சாராத ஒரு பொறியாளர் முறையாக வந்து சோதித்துக் கையெழுத்திடுவாரா, அவர் மூடச் சொன்னால் அந்த அறையை மூடுவார்களா? அணைத்த தண்ணீரும் நுரையும் எங்கே போய்ச் சேரும்? பழைய வகைத் தீயணைப்பு நுரையில் இருந்த ஃபுளோரின் வேதிப்பொருள்கள் பல நாடுகளில் பயிற்சித் திடல்களின் அடியில் நிலத்தடி நீர் வரை இறங்கி, இன்னும் சிதையாமல் கிடக்கின்றன. இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கி, அதையும் அறிவிப்போடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்